சீட்டில் விழுந்த பக்கம்

ஜூலை 13, ஞாயிறு

மன்றம் முடிந்து வீடு வர மதியம் தாண்டிவிட்டது. என் மனைவி பகவதி தட்டை எடுத்து வைத்தாள். குழம்பைச் சூடாக்காமல் அப்படியே ஊற்றினாள். மாதம் ஒரு ஞாயிறு வணிகர் சங்க மாடியில் பேசிவிட்டு வருவதற்கு இந்த வீட்டில் எனக்குள்ள தண்டனை இது. மனசு நிறைந்திருந்ததால் ஆறின குழம்பும் இறங்கியது.

இன்றைய தலைப்பு, எங்கள் செவல்குடிப் பேரூராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கலாமா என்பது. அரசாங்கம் சேர்க்கிறேன் என்கிறது, எதிர்க்கட்சி விடமாட்டேன் என்கிறது. டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் கிளாஸ் பறக்கிறது. அதனால்தான் வேண்டுமென்றே இதை வைத்தேன். செயலாளர் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

எங்கள் மன்றத்தில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவரவர் தீர்மானிக்க முடியாது. என் மருந்துக்கடையிலிருந்து கொண்டுபோன பழைய இருமல் மிட்டாய் டப்பாவில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு கிடக்கும். விழுந்ததைப் பேச வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது. இருவரும் பேசி முடித்த பிறகு, உட்காருமுன் அவரவர் எதிராளி சொன்னதில் சரியான ஒன்றை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஒப்புக்கொள்ளாத ஆளுக்கு டீ கிடையாது.

இசக்கிராஜுக்கு ‘வேண்டாம்’ விழுந்தது. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், ஆளும் கட்சியின் கிளைச் செயலாளன். வரப்போகிற தேர்தலில் ஆறாவது வார்டுக்கு அவன்தான் என்று ஊரே சொல்கிறது. சேர்ப்பதை ஆதரித்து அவன் கட்சிதான் சுவர் சுவராக எழுதிக்கொண்டிருக்கிறது. சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து, “சேத்துட்டா வரி மாநகராட்சி வரி, தண்ணி மட்டும் அதே செவல்குடித் தண்ணி” என்று ஆரம்பித்தான். எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார். எதிர்க்கட்சிக்காரன் தளவாய், செல்போன் கடைக்காரன், அவனே விசில் அடித்தான். தன் கொள்கைக்கு நேர் எதிரான ஒன்றை இவ்வளவு நியாயமாகப் பேச ஒருவனால் முடிகிறது என்றால் அவன் கவுன்சிலர் ஆகவேண்டியவன்தான்.

நான் ‘வேண்டும்’ பக்கம். ஏதோ பேசினேன். விதிப்படி கடைசியில் ஒன்றை ஒப்புக்கொண்டேன், நன்றாகச் சிரித்தார்கள். போனை ஸ்டாண்டில் வைத்து முழுவதையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

இன்சுலின் வைக்கிற பிரிட்ஜ் மறுபடியும் மக்கர். மெக்கானிக் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று போய்விட்டான்.

பேரூராட்சிக் கட்டடத்தில் இருக்கிற என் கடையின் குத்தகையைப் புதுப்பிக்க மனு கொடுத்தாயிற்று. ஆகஸ்டில் பேரூராட்சிக் கூட்டத்தில் வரும் என்றார்கள்.

முழு வீடியோவும் வாட்ஸ்அப்பில் போக மாட்டேன் என்கிறது. இசக்கியின் பேச்சை மட்டும் தனியாக எடுத்து, ‘இந்த மாதத்தின் சிறந்த பேச்சு’ என்று தலைப்புக் கொடுத்து மன்றத்துக் குழுவில் போட்டேன்.

ஜூலை 16, புதன்

காலையில் பிரஷர் மாத்திரைக்கு வந்த ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டாமல் போனை நீட்டினார். அதில் இசக்கி பேசுகிறான். வரி, தண்ணீர், ‘இது நம்ம ஊர விக்கிற வேல’ என்கிற இடம். அத்தோடு நின்றுவிடுகிறது. மேலே சிவப்பு எழுத்தில், ‘உண்மையைப் போட்டு உடைத்தார் ஆளும் கட்சிப் பிரமுகர்.’ கடைசியில் அவன் ஒப்புக்கொண்டது, பாதாளச் சாக்கடை வந்தால் நல்லதுதான் என்றது, அதெல்லாம் இல்லை.

மதியத்துக்குள் என் போனுக்கே பல பேரிடமிருந்து வந்துவிட்டது.

வெட்டிப் பரப்பியது அவனாகத்தான் இருக்கும் என்று தளவாயிடம் போனேன். போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை. “அண்ணாச்சி, அவரு பேசுனதத்தான போட்டேன். ஒரு எழுத்து நான் சேக்கலியே” என்றான். சீட்டில் விழுந்ததைத்தானே பேசினான் என்றேன். அதை அவர் கட்சிக்காரங்ககிட்ட அவரே சொல்லிக்கிடட்டும் என்றான். மூன்று வருஷமாக மாடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் படியிறங்கும்போது அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் மனசில்லை, பகவதியிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 17, வியாழன்

இசக்கி கடைக்கு வந்தான். கையில் கிரீஸ் கறை கூடக் கழுவாமல் வந்திருந்தான். கட்சி அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். சீட்டுக் குலுக்கிப் பேசினது என்று சொன்னதற்குச் சிரித்தார்களாம். எந்த ஊர்ல சீட்டுக் குலுக்கிக் கொள்கையைப் பேசுவாங்க என்று கேட்டார்களாம். பேரூராட்சித் தலைவர் பூலோகபாண்டியனும் அங்கே இருந்திருக்கிறார்.

“அண்ணாச்சி, நீங்க டப்பாவ ஆட்டி, ‘இசக்கிக்கு வேண்டாம்’னு சத்தமாச் சொன்னீயல்லா, அது வீடியோல இருக்கும். அத மட்டும் அவங்க பாத்தாப் போதும். முழுசாக் குடுங்க.”

தேடித் தருகிறேன் என்றேன். போனில் இடம் இல்லையென்று சிலதை அழித்தேன், இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். சரி அண்ணாச்சி என்று போனான்.

ஜூலை 19, சனி

வீடியோ இருக்கிறது.

முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். டப்பா, சீட்டு, அறிவிப்பு, எல்லாம் தெளிவாக இருக்கிறது. என் பேச்சையும் கேட்டேன், குரல் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கரகரப்பாகிவிட்டது. கடைசியில் நான் ஒப்புக்கொண்டது இது: ‘சேர்த்தா யாருக்கு லாபம்னு இசக்கி கேட்டது சரியான கேள்வி. மொத லாபம் தலைவரோட மச்சினனுக்கு. ரிங்ரோட்டு ஓரமா அவரு வயல்ல இப்பமே கல்லு நட்டாச்சு. மாநகராட்சி வரதுக்கு முன்னாடி பிளாட்டு வந்துட்டு.’ பிறகு ஒரே சிரிப்பு. எஸ்தர் டீச்சரின் சிரிப்பு தனியாகக் கேட்கிறது.

இவ்வளவு பெரிய வீடியோவை எப்படி அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை. காலாவதியான மருந்துகளைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். நாள் அதிலேயே போயிற்று.

ஜூலை 21, திங்கள்

தலைவர் கடைக்கு வந்தார். காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, வாயுத்தொல்லைக்கு மாத்திரை கேட்டார். மாத்திரைக்கு ஆள் அனுப்புகிறவர் தானே வந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் சுகமா என்றார். குத்தகை மனு அவர் மேஜைக்கு வந்துவிட்டது என்று தானாகவே சொன்னார்.

“ஒங்க மன்றத்துல அன்னைக்கு என்னதான் பேசுனீய? வீடியோ எடுத்தது நீங்கதானாம்ல” என்றார். பொதுவாகப் பேசினோம் என்றேன். “ஒங்களப் போல ஆளுக இதுல எல்லாம் தலையிடப்படாது அண்ணாச்சி. மருந்துக்கடன்னா எல்லாக் கட்சிக்காரனும் வரணும்” என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. நியாயமாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு ஒரு அம்மாளுக்குத் தைராய்டு மாத்திரையில் பாதியளவு உள்ளதைக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அந்த அம்மாளே அட்டையைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

எஸ்தர் டீச்சர் துணிச்சல்காரி. ஊர்ப் பொது வாட்ஸ்அப் குழுவில், சீட்டில் விழுந்ததைத்தான் இசக்கி பேசினார், நான் நேரில் இருந்தேன் என்று நான்கு வரி எழுதினார். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுதக் கை வரவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து திட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒற்றுமை. எழுதினவர்களில் பாதிப்பேர் டீச்சரிடம் ‘அ’னா படித்தவர்கள். சாயங்காலம் அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

அங்கே இருந்த மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. என்ன ஊர் இது என்று பகவதியிடம் சொன்னேன். நீங்களும் அங்கதான இருந்தீய என்றாள்.

ஜூலை 24, வியாழன்

இசக்கியின் ஒர்க்‌ஷாப் பெயர்ப்பலகையில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அவன் கடையிலேயே வெளியே வைத்திருந்த ஆயில். கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கியாயிற்று. அவன் மகளை ஸ்கூல் வேனில், ‘உங்கப்பா எவ்வளவு வாங்கினார்’ என்று கேட்டிருக்கிறார்கள். ஏழாவது படிக்கிற பிள்ளை. இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். பலகையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். கூட நின்று கொஞ்சம் துடைத்தேன். வீடியோ கெடச்சுதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

தூக்கம் சரியில்லை. நெஞ்சு படபடப்பு. கடையில் நானே பிரஷர் பார்த்துக்கொண்டேன். கூடுதல். மிஷின் பழசு, நம்ப முடியாது.

ஜூலை 27, ஞாயிறு

இன்று செய்துவிட்டேன். எனக்கே நிம்மதியாக இருக்கிறது.

வீடியோவில் டப்பாவை ஆட்டுவது, சீட்டு எடுப்பது, நான் ‘இசக்கிக்கு வேண்டாம்’ என்று அறிவிப்பது, அவன் எழுந்து ஆரம்பிப்பது, கடைசியில் சாக்கடை பற்றி அவன் ஒப்புக்கொள்வது, இவ்வளவையும் மட்டும் சேர்த்துப் பொதுக் குழுவில் போட்டேன். மற்றதெல்லாம் இதற்குச் சம்பந்தமில்லாதது. நீளமான வீடியோவை யார் பார்க்கிறார்கள்? அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மத்தியானம் கறிக்குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பகவதி ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 28, திங்கள்

தளவாய்தான் முதலில் எழுதினான். ‘சட்டை காலர் ஒரு இடத்துல மடங்கியிருக்கு, அடுத்த நொடியில சரியா இருக்கு. வீடியோ குதிக்குது. நடுவுல என்ன வெட்டுனீய அண்ணாச்சி?’ அவனுக்கு அதுதான் தொழில், கண்டுபிடித்துவிட்டான். உடனே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சீட்டு எடுப்பதைப் பிறகு நடித்து எடுத்து ஒட்டியது என்று ஒருவன். மருந்துக்கடைக்காரருக்கு இசக்கி என்ன கொடுத்தான் என்று இன்னொருவன். முழு வீடியோவைப் போடு, போடு என்று ஓயாமல் கேட்கிறார்கள்.

இதுவரை அவன் கட்சியில் ஓரிருவர் நம்பிக்கொண்டிருந்தார்களாம். இப்போது அவர்களும் இல்லை. பேசினதோடு நில்லாமல் போலி வீடியோவும் தயார் செய்தான் என்று ஆகிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

கடையை அடைக்கிற சமயத்தில் இசக்கி வந்தான். கோபமாக வருவான் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

“அண்ணாச்சி, நீங்களும் வெட்டிட்டீயளே.”

உனக்கு உதவத்தான் செய்தேன் என்றேன். பெரிய வீடியோ போகவில்லை என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பேசப் பேச என் குரல் எனக்கே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியின் குரலாகக் கேட்டது.

“மச்சினன் பேச்சுதான? நானும் அங்க இருந்தவன் தான அண்ணாச்சி. சிரிச்சவன் தான. ஒங்க குத்தகை தலைவர் கையில இருக்கு, அதுவும் தெரியும். அதான் ரெண்டாவது தடவ நான் கேக்கல. நீங்க ஒண்ணும் போடாம இருந்திருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்.”

வரும் ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார்களாம். கேட்டுவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், ஒர்க்‌ஷாப்பைத் தொடமாட்டார்கள். வார்டு? அது வேறு ஆளுக்குப் போயாச்சு என்றான். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். வழக்கமாகக் கழுவமாட்டான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். போய், பஸ் ஸ்டாப் நிழலில் நின்றேன்.

இசக்கி, பேச்சு என்றால் ஒரு மணி நேரம் கட்டிப்போடுகிற ஆள். ஒரு தாளை வைத்து வாசித்தான். ‘சொந்த ஆசையால் கட்சிக் கொள்கைக்கு விரோதமாகப் பேசிவிட்டேன். எந்த மன்றமும் சீட்டும் கிடையாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.’ அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். அப்போது கீழே இருந்து ஒருவன், நான் ரெக்கார்டு பண்ணல, இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க என்று கத்தினான். தலைவர் மைக்கைப் பிடித்து, “இன்னொரு மட்டம் சொல்லிரு இசக்கி, பிள்ளைக எடுத்துக்கிடட்டும்” என்றார். அவன் மறுபடியும் தாளைப் பிரித்து முதலிலிருந்து வாசித்தான். எத்தனையோ போன்கள் மேலே நின்றன. ஒன்று தளவாயுடையது.

‘எந்த மன்றமும் கிடையாது.’ அது தாளில் இருந்ததா, அவனாகச் சேர்த்ததா? மன்றம் என்று ஒன்று இல்லையென்றால் அதன் செயலாளரிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் சொன்னான் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸுக்கு நிற்பவன் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குத்தகை புதுப்பிக்கப்பட்டுவிட்டதாகப் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து தகவல். உத்தரவு அடுத்த வாரம் கையெழுத்தாகுமாம். பகவதி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டு, “நீங்க சந்தோசமா இல்லியே” என்றாள். பிரிட்ஜ் கவலை என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு. டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். மாடிக்கதவில் புதுப் பூட்டு. சங்கத்தில் கேட்டால், கொஞ்ச நாளைக்கு வேண்டாம் அண்ணாச்சி, நேரம் சரியில்ல என்றார்கள். எஸ்தர் டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். இன்றைய தலைப்பு என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். தலைப்பே வைக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தோம். எங்களைத் தவிர யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் பேச்சு, போனில் இடமில்லை என்றது, வெட்டினது, எல்லாம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பெரிய வீடியோ போகாது என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் நிமிர்ந்தாள்.

“யூடியூப்ல ஏத்தி லிங்க அனுப்புனாப் போவும். சமையல் வீடியோ எல்லாம் பின்ன எப்படி வருதுன்னு நெனச்சீய? நீங்க கேப்பீயன்னு நானும் ஒரு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

கடை போயிரும் என்றேன். குத்தகை உத்தரவில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. போனா மருந்து விக்கதுக்கு வேற சந்து இல்லியா என்றாள். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் விளக்கு வைக்குமுன் ஏற்றினோம். ஒரு நொடிகூட வெட்டவில்லை. நான் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு எழுவது, சீட்டுக்கு முந்திய வெட்டிப் பேச்சு, மச்சினன், சிரிப்பு, டீ கிளாஸ் சத்தம், எல்லாம் இருக்கிறது. பொதுக் குழுவில் லிங்கைப் போட்டேன். ‘ஞாயிறு மன்றத்தின் ஜூலைக் கூட்டம், முழுமையாக. கோமதிநாயகம், செயலாளர்.’ இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

இவ்வளவு நீளத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று பகவதி சொன்னாள். அரைமணி நேரம் ஆகியும் பார்த்தவர்கள் மூன்று என்றுதான் காட்டியது. ஒன்று நான், ஒன்று அவள். மூன்றாவது யார் என்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். தெருவில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

பிறகு இசக்கி போன் செய்தான். முழுவதும் பார்த்தேன் என்றான். எதற்குப் போட்டீர்கள், இனிமேல் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லையே என்றான். ஒர்க்‌ஷாப்பில் ஏதோ வண்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நாளைக்குக் கட தொறக்கையில நானும் வந்து நிக்கேன் அண்ணாச்சி. தனியாத் தொறக்காதீய” என்று வைத்துவிட்டான்.

இப்போது பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டிருக்கிறது. தலைவரின் பெயர் போனில் இரண்டு முறை வந்து அடங்கிவிட்டது. கடைச் சாவியைப் பகவதி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

பூட்டிக் கிடந்தாலும் மன்றத்துக்கு இன்று கூட்ட நாள். விதிப்படி, உட்காருமுன் எதிராளி சொன்னதில் சரியான ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்களும் வெட்டிவிட்டீர்களே என்றான் இசக்கி. வெட்டினேன். ‘சிறந்த பேச்சு’ என்று அவன் பேச்சை மட்டும் தனியாக எடுத்துப் போட்டேனே, அந்த முதல் தடவை வெட்டினதும் தளவாய் இல்லை, நான்தான்.